சட்டைப் பையில் அடங்காத கணினி

1

இந்தக் கதை ஒரு கன்றுக்குட்டியின் நாக்கில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தம் கதைகள் ஆழ்ந்த சிந்தனையில் பிறந்தவை என்று சொல்லிக்கொள்வது எழுதுகிறவர்களின் வழக்கம். எனக்கு அந்தப் பெருமை வாய்க்கவில்லை. ஒரு மாட்டுத் தொழுவம். அன்று காலையில்தான் பிறந்த கன்று ஒன்று. அதன் எடையைத் தன் பழைய கையடக்கக் கணினியில் குனிந்தபடி பதிந்துகொண்டிருந்த கால்நடை மருத்துவர். கன்று எட்டி அந்தக் கணினியை நக்கியது. நாக்கு ஒருமுறை புரண்டதில் மூன்று விசைகள் ஒன்றாக அமிழ்ந்தன. அத்தனை ஆண்டுகளில் அந்த அம்மையார் ஒருநாளும் கண்டிராத ஒரு பக்கம் சாம்பல் நிறத் திரையில் விரிந்தது. மேலே "ஆக்கியோர்" என்ற தலைப்பு. கீழே இரண்டே பெயர்கள்.

ஒன்று என் தங்கையுடையது. மற்றதை இப்போது சொல்லமாட்டேன். எங்கள் வீட்டில் அந்தப் பெயர் காதில் விழுந்து நெடுங்காலம் ஆகிவிட்டது.

2

தொடக்கம் எழுதுவதில் எனக்குப் பயிற்சி உண்டு. எத்தனையோ பாடங்களைத் தொடங்கியிருக்கிறேன். ஆயினும் இதற்கு மூன்று முறை தாளைக் கசக்க வேண்டியிருந்தது.

முதல் தொடக்கம்: "மனிதன் தன் விரல்களை மடக்கி எண்ணத் தொடங்கிய அன்றே கையடக்கக் கணினியின் வரலாறு—"

(விட்டுவிட்டேன். இப்படித் தொடங்கும் பாடங்களின்போது சன்னலோர மாணவர்கள் அனைவரும் பறவைகளைப் பற்றி அறிந்துகொண்டார்கள்.)

இரண்டாம் தொடக்கம்: "தான் உருவாக்கிய கணினியை மீண்டும் கையில் ஏந்தியபோது அவள் கண்களில் நீர்—"

இந்த இடத்தில் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. என் தங்கை.

"அண்ணா, நான் எப்ப அழுதேன்?"

"கதைக்கு வேணும்மா."

"கதைக்கு வேணும்னா நீங்க அழுங்க. நான் அதைத் திருப்பிப் பார்த்தேன். மூடியில ஒரு திருகாணி கம்மியா இருந்துது. அதைத்தான் கேட்டேன்."

ஆகவே மூன்றாம் தொடக்கம். இதில் யாரும் அழவில்லை.

திரையில் கண்ட பெயரை விசாரித்துக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்த மருத்துவர் தம் வெள்ளை மேலங்கியின் பையிலிருந்து கணினியை எடுத்து, என் தங்கையின் மேசைமேல் வைத்தார். அக்கம்பக்கத்து வீடுகளின் வானொலிகளும் கடிகாரங்களும் வயிறு திறந்து கிடக்கிற மேசை அது. ஓய்வுபெற்ற பிறகு அவளுக்கு அதுதான் பொழுது.

"அக்கா, இதைச் செஞ்சது நீங்கதானா?"

"இதோட மூளைக்கு நான். உடம்புக்கு வேற ஒருத்தர். மூடியில ஒரு திருகாணி எங்க?" என்ற தங்கை, அப்போதுதான் கவனித்தவள்போல நிமிர்ந்தாள். "இது இன்னும் ஓடுதா?"

"ஓடுதாவா? தினம் என்கூடத்தான் நடக்குது. இப்பதான் மூச்சு வாங்குது."

நோயின் விவரத்தை நான் புரிந்துகொண்ட அளவில் சொல்கிறேன். இந்தக் கணினியின் நினைவு முழுதும் மின்சாரம் உள்ளவரை மட்டுமே வாழும். உள்ளே இரண்டு சிறு பேட்டரிகள் உண்டு. அவை தீர்ந்து புதியவற்றைப் போடும் இடைவெளியில், மின்தேக்கி என்னும் ஒரு சிறு உறுப்பு நினைவைத் தாங்கிப் பிடிக்கும். குழாயில் தண்ணீர் நின்றாலும் குடத்தில் உள்ளது கொஞ்ச நேரம் வருகிறதல்லவா, அதுபோல. இப்போது அந்தக் குடத்தில் விரிசல் விழுந்துவிட்டது. சென்ற முறை பேட்டரி மாற்றியபோதே கடைசிப் பக்கங்கள் சில சிதைந்துபோயின. அடுத்த முறை மாற்றினால் எதுவும் மிஞ்சாது. உள்ளே இருக்கும் பேட்டரிகளோ இறுதி மூச்சில் இருந்தன.

"வேற எங்கயும் எடுத்து வைக்கலையா?" என்றாள் தங்கை.

"எடுத்து வைக்கற ஓட்டையைப் பாருங்க." பக்கவாட்டுத் துளையில் பச்சைக் களிம்பு ஏறியிருந்தது. "ஒரு எருமை இதைத் தண்ணித் தொட்டிக்குள்ள தள்ளிவிட்டுது. மின்சாரம் போற வழி, தகவல் வர்ற வழி, ரெண்டும் அதோட போச்சு. மத்ததெல்லாம் ஓடுச்சு, நானும் விட்டுட்டேன். திரையைப் பார்த்து எழுதிக்கலாம்னு உக்காந்தேன். ஒரு தொழுவம் முடியறதுக்குள்ளயே பேட்டரி குறையுதுன்னு எச்சரிக்கை வந்துடுச்சு. அணைச்சுட்டேன்."

"உள்ள என்ன இருக்கு?"

மருத்துவர் எப்படி விளக்குவது என்று தெரியாமல் கையை விரித்தார். "மாடுங்கதான். நான் பார்த்த எல்லா மாடும். இந்த நக்குன கன்னுக்கே ஒரு அறுவை செய்யணும். அதுக்கு மயக்க ஊசி ஒத்துக்குமான்னு அதோட பாட்டியைத்தான் கேட்கணும். பாட்டி இதுக்குள்ள இருக்கா."

தங்கை பச்சைக் களிம்பை நகத்தால் சுரண்டிப் பார்த்தாள். வாழ்நாள் முழுதும் அவள் இந்தக் கணினியைக் குறித்து ஒரே வாக்கியம்தான் சொல்லி வந்தாள்: "அது தோத்துப்போன மிஷின்." அன்று அந்த வாக்கியத்தை அவள் சொல்லவில்லை என்பதை நான் குறித்துக்கொண்டேன்.

3

ஏன் தோற்றது? இங்கே வரலாறு கொஞ்சம் தேவைப்படுகிறது. சன்னலோர வாசகர்களும் பொறுத்தருள்க.

மேசைக் கணிப்பான்கள் செய்த ஒரு நிறுவனம், சட்டைப் பையில் அடங்கும் கணினி ஒன்றைச் செய்ய முனைந்தது. அதன் முதல் வடிவம் செருப்புப் பெட்டி அளவில் இருந்தது. அதைத் தூக்கிக்கொண்டு நடந்தவரைப் பார்த்து வாயிற்காவலர், "புதுச் செருப்பா சார்?" என்று கேட்டாராம். அதைக் குறைத்தார்கள், இன்னும் குறைத்தார்கள். திரை சுருங்கியது, விசைகள் பல் அளவாயின. நினைவகமும் சுருங்கியது. சுருங்கிய வீட்டில் குடித்தனம் நடத்தும் பொறுப்பு நிரல் எழுதிய என் தங்கையின் தலையில் விழுந்தது. என்ன தவறு நேர்ந்தது என்பதைத் திரையில் சொல்லும் அறிவிப்புகள் பல இருந்தன. அவற்றை ஒவ்வொன்றாக வெளியேற்றினாள். இறுதியில் ஒன்றே ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது. எத்தகைய பிழையாயினும் அந்தக் கணினி ஒன்றைத்தான் சொல்லும்: "மீண்டும் முயல்க."

(ஆசிரியத் தொழிலில் நான் சொன்னவற்றையும் சுருக்கினால் இவ்வளவுதான் தேறும்.)

உடற்கூட்டை வடிவமைத்தவரை எல்லாரும் "அளவுகோல்" என்றே அழைத்தார்கள். பெயருக்கு ஏற்றவர். கணினியின் அகலத்தை முடிவுசெய்ய அவர் ஊகத்தை நம்பவில்லை. பணியாளர் ஒவ்வொருவரின் சட்டைப் பையையும் நாடா வைத்து அளந்தார். என் தங்கையின் மேசைக்கு வந்தபோது நாடாவைச் சுருட்டினார்.

"என்னை அளக்கலையா?"

"உங்களுக்குத்தான் பையே இல்லையே!"

"அப்ப நான் இதை எங்க வச்சுக்கறது?"

"பையில்லாதவங்களை எந்தக் கணக்குல சேர்க்கறது தாயே?"

அனைவரும் சிரித்தார்கள். தங்கையும் சிரித்தாள். அன்றிலிருந்து அவளுக்குப் "பையில்லாதவங்க" என்பதே பெயராயிற்று.

இங்கே ஒரு நீதிக்கதை சொல்ல என் கை அரிக்கிறது. சொல்லிவிடுகிறேன்.

நண்டுகள் கூடி, எல்லா விலங்குகளுக்கும் பயன்படும் ஒரு வீடு கட்டின. வாசல் சரியாக இருக்கிறதா என்று அறிய ஒவ்வொரு நண்டும் நுழைந்து பார்த்தது. இடுக்கி தட்டவில்லை, ஓடு உரசவில்லை. குறையற்ற வாசல் என்று அறிவித்தன. திறப்புவிழா அன்று ஆடு வந்தது, முயல் வந்தது, கழுத்தை நீட்டிக்கொண்டு கொக்கு வந்தது. வாசலோ அகலமாகவும் தரையை ஒட்டியும் இருந்தது, பக்கவாட்டில் நடப்பவர்களுக்கென்றே—

(நீதியை இப்போதே சொன்னால் கதை கெட்டுவிடும். நண்டுகள் அங்கேயே இருக்கட்டும். திரும்பி வருகிறேன்.)

4

அந்த ஆண் பணியாளர்கள் அனைவரும் அணிந்தது நிறுவனம் கொடுத்த சட்டை. அவற்றைத் தைத்தவர் வாயிலுக்கு எதிரே கடை வைத்திருந்த ஒரே தையற்காரர். குனிந்தால் திருப்புளி விழுகிறது, குறடு விழுகிறது என்று பொறியாளர்கள் முறையிடும்போதெல்லாம் அவர் பையைக் கொஞ்சம் அகலமாக்கி வந்தார். கொஞ்சம் கொஞ்சமாக, உலகத்தில் வேறு எந்தச் சட்டைக்கும் இல்லாத அளவுக்கு அந்தப் பை வளர்ந்துவிட்டது.

இந்தத் தையற்காரருக்கு நான் ஓர் அருமையான வசனம் எழுதியிருந்தேன். அளக்க வந்த அளவுகோலிடம் அவர், "ஐயா, ஊரில் பிறர் பையையும் ஒருமுறை பாருங்கள்" என்கிறார். எழுதி முடித்தபோது எனக்கே புல்லரித்தது.

"அவரா? அந்த மனுஷன் பேசி நான் கேட்டதே இல்ல" என்றாள் தங்கை. "எப்பவும் வாயில குண்டூசி கவ்வியிருப்பாரு."

வசனத்தை அடித்துவிட்டேன். தையற்காரர் குண்டூசிகளோடு மௌனமாகக் கதையைவிட்டு வெளியேறுகிறார். அவர் எச்சரிக்கவில்லை, யாருமே எச்சரிக்கவில்லை. அதனால்தான் நடந்தது.

அறிமுக விழா. விற்பனைப் பிரிவின் தலைவர் அன்று சிறப்பாகத் தோன்ற வேண்டும் என்று கடையில் வாங்கிய புதுச் சட்டையோடு மேடை ஏறினார். "இதோ, சட்டைப் பையில் ஒரு கணினி!" என்று முழங்கி, கணினியைப் பையில் நுழைத்தார். நுழையவில்லை. சிரித்தபடி அழுத்தினார். துணி கிழியும் ஓசையை ஒலிபெருக்கி மண்டபம் முழுதும் பரப்பியது.

வார்ப்பச்சுகள் வெட்டியாகிவிட்டன. உடல்கள் ஆயிரக்கணக்கில் வார்த்தாகிவிட்டன. திருத்த வழியில்லை. அன்று மாலை கூட்டத்தில் என் தங்கை எல்லாருக்கும் முன்பாக எழுந்து நின்று ஒன்று சொன்னாள்: "பையில்லாத ஒருத்தியையாவது அளந்திருந்தா, பைன்னா என்னன்னு யோசிச்சிருப்பீங்க." அளவுகோல் நாடாவை மேசைமேல் வைத்துவிட்டு வெளியே போனார். மீண்டும் அந்த அலுவலகத்துக்கு வரவில்லை. கையிருப்பைக் கழித்துக்கட்டி விற்றார்கள். அப்படி விற்றதில் ஒன்றை வாங்கியவர்தான் நம் மருத்துவர்.

5

அளவுகோலைப் பற்றி எனக்கு ஓர் ஐயம் இருந்தது. முதல் வரைவில் அவரை ஆணவக்காரராக வரைந்திருந்தேன். மெல்லிய உதடு, ஏளனப் பார்வை. கதைக்கு எதிரி ஒருவர் இருந்தால் வேலை எளிது.

"இது யாரு?" என்றாள் தங்கை, படித்துவிட்டு.

"அளவுகோல்."

"அவருக்கு உதடு தடியா இருக்கும். கெட்டவரும் இல்லண்ணா. சரியாத்தான் அளந்தாரு. அளந்த இடம் தப்பு."

"பின்னே ஏன் இத்தனை காலம் பேசலை?"

"அப்ப காரணம் பெரிசா இருந்துது. இப்ப எடுத்துப் பார்த்தா, கடைச் சட்டைப் பையிலகூட அடங்கிடும்."

இப்போது அவரிடம் பேசியே ஆக வேண்டும். கணினியின் அடியில் நான்கு ரப்பர் கால்கள் உண்டு. அவற்றில் ஒன்றின் கீழே இரண்டு பித்தளை முனைகள் ஒளிந்திருக்கின்றன. தொழிற்சாலையில் சோதிக்கும்போது வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்க அவர் வைத்தவை. அவற்றின் வழியே மின்சாரம் கொடுத்துக்கொண்டே பேட்டரியை மாற்றினால் நினைவு பிழைக்கும். தங்கை அந்த ரப்பர் காலைக் கண்டுபிடித்து நெம்பிவிட்டாள்.

"இதுல எது பிளஸ், எது மைனஸ்னு தெரியலை. மீட்டர் வச்சுப் பார்த்தேன், ஒண்ணும் காட்டலை. மின்சாரம் உள்ள போக மட்டும்தான் வழி வச்சிருக்காரு, வெளிய வராது."

"மாத்திக் குடுத்துட்டா?" என்றேன்.

"ஒண்ணும் ஆகாது. பயமே அதுதான். எல்லாம் சரியா இருக்கற மாதிரியே இருக்கும். பழைய பேட்டரியைக் கழட்டின பிறகுதான் தெரியும்."

மருத்துவர் மேலங்கிப் பைக்குள் கையைவிட்டுக்கொண்டு நின்றார். பை காலியாக இருந்தது. எங்கே வைப்பது என்று தெரியாமல் கை உள்ளேயே அலைந்தது.

பழைய தோழி ஒருத்தியிடம் எண் வாங்கித் தங்கை அழைத்தாள். மணி அடித்து ஓய்ந்தது.

"மீண்டும் முயல்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மறுபடி அழைத்தாள்.

"யாரு?"

"பையில்லாதவ பேசறேன்."

மறுமுனையில் நாற்காலி இழுபடும் ஓசை கேட்டது.

"இந்த நம்பர் என்கிட்ட இல்லையே" என்றது அந்தக் குரல்.

"இருந்திருந்தா எடுத்திருக்க மாட்டீங்க."

"இருந்திருந்தா முதல் தடவையே எடுத்திருப்பேன்."

தங்கை தொண்டையைச் செருமிக்கொண்டாள். (அழவில்லை. நான் பக்கத்தில்தான் இருந்தேன்.) மருத்துவரைப் பற்றி, எருமையைப் பற்றி, கன்றின் பாட்டியைப் பற்றிச் சொன்னாள். அவர் குறுக்கிடாமல் கேட்டார். பிறகு கேட்ட முதல் கேள்வி இது:

"அவங்க... அதை எதுல வச்சுக்கறாங்க?"

"கோட்டுப் பையில. அளவெடுத்துத் தைச்ச மாதிரி அடங்குது. தொழுவத்துல எத்தனை குனிஞ்சாலும் விழுந்ததில்லையாம்."

மறுமுனையில் ஒரு சிரிப்பு. அது சிரிப்புத்தானா என்று நான் உறுதியாகச் சொல்லமாட்டேன்.

(நண்டுகளுக்கு இப்போது திரும்பலாம். எல்லா விலங்குகளும் கேலி பேசிக் கலைந்த பிறகு, மழை பிடித்துக்கொண்டது. ஒரு கோழி வந்தது. குஞ்சுகளை மறைத்து இரண்டு இறக்கைகளையும் விரித்தபடி, தரையோடு தரையாக நடந்து வந்தது. இறக்கையை மடக்காமல் அது நுழையத் தக்க வாசல் அந்தக் காட்டில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது.)

"இடது பக்கம் பிளஸ்" என்றார் அளவுகோல், யோசிக்காமல். தங்கை கம்பியை எடுத்தாள்.

"நில்லுங்க!" என்றார் அவர் உடனே. "யாரோட இடது?"

தங்கையின் கை அந்தரத்தில் நின்றது.

"மேசைக்கு ஒரு பக்கம் நான் உக்காந்திருப்பேன். சோதிக்கறவங்க எதிர்ப் பக்கம். எனக்கு இடதுன்னா அவங்களுக்கு வலது. அதுலயும் மிஷினைக் கவுத்துப் போட்டா அதுவும் மாறும். நான் என் பக்கத்துலேர்ந்தே சொல்லிட்டேன் பாருங்க." மூச்சு வாங்கினார். "ஒண்ணும் செய்யாதீங்க. காலையில நானே வர்றேன். கையில வாங்கினாத்தான் கைக்கு ஞாபகம் வரும்."

6

இதை எழுதுவது அந்தக் காலை. அவர் இன்னும் வந்து சேரவில்லை. மருத்துவர் சன்னலருகே நின்று தெருவைப் பார்க்கிறார். தங்கை நேற்றே துடைத்த மேசையை மறுபடி துடைக்கிறாள். காத்திருக்கும் வேளையில் நான் இரண்டு முடிவுகளை எழுதி வாசித்துக் காட்டினேன்.

முடிவு ஒன்று: நினைவு அழிந்துவிடுகிறது. வெற்றுத் திரையைப் பார்த்து மருத்துவர் புன்னகைக்கிறார். "மாடுகள் என் நெஞ்சில் இருக்கின்றன" என்கிறார்.

"நெஞ்சுல இருந்தா நான் ஏன் சார் இங்க வர்றேன்?" என்றார் மருத்துவர், திரும்பாமல்.

முடிவு இரண்டு: நினைவு பிழைக்கிறது. செய்தி பரவி, நாடெங்கும் கால்நடை மருத்துவர்கள் இந்தக் கணினியைக் கேட்டு வரிசையில் நிற்கிறார்கள். தங்கையும் அளவுகோலும் புதிய நிறுவனம் தொடங்கி—

"இது முடிவு இல்லண்ணா, விளம்பரம்" என்றாள் தங்கை.

மூன்றாவதாக ஒன்று எண்ணிக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி ஒலித்தது.

7

உதடு தடித்த, உயரமான மனிதர். கடையில் வாங்கிய சட்டை. உள்ளே வந்தவர் என் தங்கையைப் பார்த்தார். பிறகு அவள் அணிந்திருந்த வேலை அங்கியைப் பார்த்தார். அதில் திருப்புளியும் குறடும் நிறைந்த பெரிய பை இருந்தது.

"பை வச்சுட்டீங்களே!"

"அளக்கறதுக்கு ஆள் வருதுன்னு சொன்னாங்க."

அவ்வளவுதான் பேசினார்கள். மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் எடுக்கவில்லை. நானும் சேர்க்கப்போவதில்லை.

அளவுகோல் கணினியை வாங்கினார். உடனே முனைகளைப் பார்க்கவில்லை. மருத்துவரிடம் நீட்டி, "நீங்க எப்படிப் பிடிப்பீங்க, காட்டுங்க" என்றார். மருத்துவர் இடக்கையில் ஏந்தினார், ஒரு கன்று அவர் எதிரே நிற்பதுபோல. "அப்படியே கவுத்துங்க." கவிழ்த்தார். அளவுகோல் மேசையைச் சுற்றி மறுபக்கம் போய், சோதிப்பவர் உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். கண்களை மூடிக்கொண்டு கட்டைவிரலால் அந்த இரண்டு முனைகளையும் தடவினார். எழுந்து இந்தப் பக்கம் வந்து, தாம் அன்று உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து மறுபடி தடவினார்.

"இது பிளஸ்."

"நிச்சயமா?" என்றாள் தங்கை.

"அன்னிக்கு நிச்சயம்னு சொன்னவன் நான்தான். இன்னிக்கு, கிட்டத்தட்டன்னு வச்சுக்குங்க."

"அது போதும்." அவள் வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்கும் கம்பிகளைத் தொடுத்தாள். மருத்துவர் ஒரு கம்பியை அழுத்திப் பிடித்தார். மற்றதை அளவுகோல் பிடித்தார். பேட்டரி மூடியைத் திறக்கத் தங்கைக்கு இரண்டு கைகளும் தேவைப்பட்டன. ஆகவே புதுப் பேட்டரிகளைப் பிடிக்கும் பொறுப்பு, அறையில் வேலையின்றி எழுதிக்கொண்டிருந்த ஒரே ஆளான எனக்கு வந்தது. என் இடக்கையில் அவை இருக்கின்றன. வலக்கையில் பேனா.

பழைய பேட்டரிகளைத் தங்கை வெளியே எடுத்துவிட்டாள். ஒன்று உருண்டுபோய் வானொலியில் மோதி நின்றது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

"அண்ணா, பேனாவைக் கீழ வைங்க. ரெண்டு கையாலயும் குடுங்க."

வாசகரே, என் நிலை உங்களுக்குப் புரியும். பேனாவை வைக்காமல் பேட்டரியைக் கொடுக்க இயலாது. வைத்துவிட்டால் இந்தக் கதையை எழுத ஆளில்லை. பிறகு எழுதலாமே என்பீர்கள். எழுதலாம். ஆனால் அது நடந்து முடிந்த ஒன்றின் குறிப்பாகவே இருக்கும். இந்தக் கணத்தில் ஓர் எருமை, ஒரு கன்றின் பாட்டி, ஒரு மருத்துவர் பார்த்த மாடுகள் அனைத்தும், அளவுகோலின் கட்டைவிரல் சொன்ன ஒரு "கிட்டத்தட்ட"வில் நிற்கின்றன. மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டு, அவர்கள் அறியாமலே ஒரே பக்கமாகச் சாய்ந்திருக்கிறார்கள். நானும் சாய்ந்திருக்கிறேன்.

நான் பேனாவை வைக்கப்போகிறேன். அதுவரை கதையைத் தாங்கும் குடம் நீங்கள்தான். கையை நீட்டுங்கள். என் உள்ளங்கைச் சூட்டில் பேட்டரிகள் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். குமிழ் உள்ள முனை மேலே இருக்க வேண்டும். முதலாவது இடது பக்கத்தில்.

உங்கள் இடது.